பி.எட்.டில் படிக்கும் கல்வித் தொழில்நுட்பம் பள்ளிக்கூடத்தில் உதவுமா?

பி.எட். முதலாண்டு படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: “கல்வித் தொழில்நுட்பம் என்று புரொஜெக்டர் வகைகள், ஸ்கின்னர், ஃபிளாண்டர்ஸ், அனுபவக் கூம்பு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். வேலைக்குப் போனால் இதில் ஏதாவது உதவுமா? தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாமா?”

உதவும். எந்தப் பகுதி உதவும் என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். நான் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்து வருகிறேன். நான் பார்த்தவரை, இந்தத் தாளில் கருவிகளைப் பற்றிய பக்கங்கள்தான் சீக்கிரம் பழசாகின்றன. பழைய ஆட்கள், பழைய சோதனைகள் என்று நீங்கள் தள்ளிவிட நினைக்கும் பக்கங்கள் வகுப்பில் நிற்கும்போது கூடவே வருகின்றன. அந்த ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரே சிக்கலைத்தான் பிடித்து உலுக்கினார்கள்: நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடம், எதிரே இருக்கும் பிள்ளையின் மண்டைக்குள் என்ன நடக்கிறது, அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் விட்டுவிட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஓ.எச்.பி., எபிடயாஸ்கோப், ஸ்லைடு புரொஜெக்டர் போன்ற பழைய புரொஜெக்டர்களின் பாகங்களைத் தேர்வுக்குப் படியுங்கள், போதும். பள்ளியில் இன்று இருப்பது ஹைடெக் லேபும் ஸ்மார்ட் போர்டும். நீங்கள் ஓய்வு பெறுவதற்குள் அவையும் மாறிவிடும். ஆனால் அனுபவக் கூம்பில் ஒன்றைத் திருத்திப் படிக்க வேண்டும். கற்கும் அனுபவங்களை அடுக்கிக் காட்டும் படம் அது; கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட அந்தக் கூம்பில் அடியில் நேரடி அனுபவம், உச்சியில் சொற்கள், நடுவில் படம், மாதிரி, களப்பயணம் எல்லாம் இருக்கும். பல கைடுகளில் அதன் பக்கத்திலேயே “படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்” என்று அச்சடித்திருக்கிறார்கள். டேல் அப்படி எந்த எண்ணையும் போடவில்லை. பிற்பாடு மற்றவர்கள் சேர்த்து ஒட்டியது அது. அந்த எண்களுக்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. கூம்பை இறுக்கமான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று டேலே எச்சரித்திருந்தார். இந்த எண்களை நம்பி, “செய்து பார்த்தால் தானாகப் புரிந்துவிடும்” என்று முடிவுகட்டிக்கொண்டு வருகிற பயிற்சி மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கையால் செய்துவிட்டு ஒன்றுமே புரியாமல் எழுந்து போகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவர் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க். 1983இல் அவர் வைத்த வாதம் இது: மளிகைச் சாமானை ஏற்றி வரும் லாரி நம் ஊட்டச்சத்தை எப்படி மாற்றாதோ, அப்படித்தான் பாடத்தை ஏற்றி வரும் ஊடகமும் கற்றலை மாற்றாது, மாற்றுவது பாடத்தை அமைத்த விதம். இன்னொரு ஆய்வாளரான ராபர்ட் கோஸ்மா இதை மறுத்தார். சில ஊடகங்களால் மட்டுமே காட்ட முடிகிற விஷயங்கள் உண்டு என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டால், நம் பள்ளிகளில் நடக்கிற பெரும்பாலான பிபிடி பாடங்களுக்குக் கிளார்க் சொன்னது அப்படியே பொருந்தும். கரும்பலகையில் எழுதியதைத் திரையில் எழுதினால் புதிதாக எதுவும் நடந்துவிடாது. கோஸ்மாவுக்கு இடம் வருகிற பாடங்களும் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

உளவியலாளர் ஸ்கின்னர் என்றதும் அவர் சோதனை செய்த எலியும் புறாவும்தான் நினைவுக்கு வரும். 1953 நவம்பரில் அவர் தன் மகளின் நாலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பெற்றோராகப் போய்ப் பார்த்தார். முடித்த பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். முடியாதவர்கள் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எழுதியது சரியா தவறா என்பது விடைத்தாள் திரும்பி வரும்போதுதான் தெரியும். எல்லோரும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது, விடை சரியா என்று உடனே தெரிவதில்லை என்ற இந்த இரண்டும் அவரைக் கற்பிக்கும் இயந்திரத்துக்கும், பாடத்தைச் சின்னப் படிகளாக உடைத்து ஒவ்வொன்றிலும் விடையை உடனே சரிபார்க்கும் திட்டமிட்டுக் கற்றலுக்கும் கொண்டுபோயின. இயந்திரம் போய்விட்டது. அவர் கவனித்த இரண்டு குறையும் இன்றைக்கும் நாற்பது பேர் இருக்கிற எந்த வகுப்பிலும் அப்படியே இருக்கின்றன.

எனக்கு ஸ்கின்னரைவிட அதிகம் உதவியவர் நார்மன் க்ரௌடர். ஸ்கின்னரின் நேர்கோட்டு முறையில் பிள்ளை தவறே செய்யாத அளவுக்குப் படிகளைச் சின்னதாக உடைக்க வேண்டும். அமெரிக்க விமானப்படைக்குப் பயிற்சி தந்த அனுபவத்திலிருந்து வந்த க்ரௌடர், தவறு வரட்டும், அந்தத் தவறுதான் நமக்கு வேண்டும் என்றார். அதுதான் கிளைவழி முறை. ஒவ்வொரு தவறான விடையும் அந்தத் தவறுக்கென்றே எழுதிய பக்கத்துக்கு உங்களைக் கொண்டுபோகும்.

இதைச் செய்து பார்க்கக் கூகுள் ஃபார்ம் போதும். தேர்ந்தெடுத்த விடையைப் பொறுத்து வேறு பிரிவுக்கு அனுப்பும் வசதி அதில் இருக்கிறது. கஷ்டம் எங்கே வருமென்றால், தவறான விடைகளை எழுதும்போது. தசம எண் பாடத்தை எடுத்துக்கொள்வோம். “0.5, 0.35, 0.125 - எது பெரியது?” என்று கேட்டால் ஒரு கூட்டம் 0.125 என்று சொல்லும். 125 என்பது 35ஐவிடப் பெரிது, 35 என்பது 5ஐவிடப் பெரிது என்பது அவர்கள் கணக்கு. அவர்களுக்குப் புள்ளி கண்ணில் படுவதில்லை. சரி, 0.5 என்று சொன்னவர்களுக்குப் புரிந்துவிட்டதா? அங்கேதான் நிற்க வேண்டும். “ஆயிரத்தில் ஒன்று ரொம்பச் சின்னது, அதனால் இலக்கம் நீள நீள எண் சின்னதாகிவிடும்” என்று நினைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களும் 0.5 என்றுதான் சொல்வார்கள். விடை சரி, யோசனை தவறு. இவர்களைப் பிடிக்க “0.3, 0.42 - எது பெரியது?” என்று அடுத்த கேள்வி வேண்டும், அதில் 0.3 என்பார்கள். முதல் கேள்வியில் இரண்டாம் கூட்டத்துக்கு முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவதுதான் நம் வழக்கமான தேர்வுகளில் நடக்கிறது.

இந்த இரண்டு கேள்வியையும் யோசித்துப் போட்டுவிட்டால், ஃபார்ம் இல்லாமலே விரலைக் காட்டச் சொல்லிக் கேட்டுவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு, தேர்ந்த விடைக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலைக் காட்டினால் ஒரு நொடியில் வகுப்பு முழுவதும் தெரிந்துவிடும். திட்டமிட்டுக் கற்றல் என்ற தலைப்பில் நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

நுண்ணிலைக் கற்பித்தலுக்கு, அதாவது ஒரே ஒரு கற்பிக்கும் திறனைச் சில நிமிடச் சின்னப் பாடத்தில் பழகும் முறைக்கு வருவோம். 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் கூட இருந்தவர்களும் தொடங்கியது. இந்திய மாதிரியில் ஒரு சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், 6 நிமிடம் மறுபடி கற்பித்தல், 6 நிமிடம் மறுபின்னூட்டம். பல இடங்களில் முதல் 12 நிமிடத்தோடு முடித்துவிட்டு மீதியை ரெக்கார்டில் எழுதிவிடுகிறார்கள். பின்னூட்டம் என்பதும் “நல்லா இருந்துச்சு, குரல் கொஞ்சம் சத்தமா இருக்கலாம்” என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்த 36 நிமிடத்தில் மிக நீளமான பகுதி மறுதிட்டம் என்பதைக் கவனியுங்கள். காரணத்தோடுதான் அதற்கு இரண்டு மடங்கு நேரம் வைத்திருக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் நேரம் தரவில்லையென்றால் நீங்களும் தோழிகளும் மதிய உணவு இடைவேளையில் மறுதிட்டத்தைச் செய்யுங்கள்.

திறன்களில் ஒன்றே ஒன்றை உருப்படியாகப் பழக நேரம் இருக்கிறதென்றால் கிளர்வினாத் திறனைப் பழகுங்கள், அதாவது பிள்ளை சொன்ன பதிலிலிருந்தே மேலும் கேட்டு யோசிக்க வைப்பது. “தாவரத்துக்கு உடம்பு வளர்வதற்கான பொருள் எங்கிருந்து கிடைக்கிறது?” என்று கேட்டால் ஒரு பிள்ளை “மண்ணுலேருந்து” என்று சொல்லும். பயிற்சி இல்லாதவர் “தப்பு, நீ சொல்லு” என்று அடுத்தவரிடம் போய்விடுவார். கிளர்வினா பழகியவர் அங்கேயே நிற்பார். “மண்ணுலேருந்தா? அப்போ தொட்டியில் ஒரு செடி பெரிசானா, தொட்டி மண் என்னாகணும்?” “குறையணும் சார்.” “குறைஞ்சு பார்த்திருக்கியா?” இந்த இடத்தில் வகுப்பே யோசிக்க ஆரம்பிக்கும். வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி தொட்டியில் வில்லோ மரம் வளர்த்த கதையை அப்போது சொன்னால் நன்றாக ஏறும்: ஐந்து ஆண்டில் மரத்தின் எடை 70 கிலோவுக்கு மேல் கூடியது, மண்ணில் குறைந்தது 60 கிராம் அளவுதான். அவர் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். காற்றின் பங்கு அவருக்குத் தெரியவில்லை. அதையும் பிள்ளைகளிடம் கேட்கலாம். ஆறு நிமிடத்தில் இத்தனை கேள்வி போதும். தோழிகள்தான் மாணவர்களாக உட்காருகிறார்கள் என்றால், சரியான விடையைச் சொல்லாமல் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லும் தவறைச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் சரியாகச் சொல்லி உங்கள் பயிற்சியைக் கெடுத்துவிடுவார்கள்.

வகுப்பில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று குறித்துப் பார்க்கும் ஃபிளாண்டர்ஸ் இடைவினைப் பகுப்பாய்வைப் பெரும்பாலானோர் வெறுக்கிறார்கள். பத்து வகைப்பாடு, 3 நொடிக்கு ஒரு குறியீடு, அப்புறம் பத்துக்குப் பத்து அணி. கையில் அலைபேசி இருக்கும் இந்தக் காலத்தில் இதைவிட எளிதான, இதைவிட உண்மையைச் சொல்லும் கருவி வேறில்லை என்பேன். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, உங்கள் பாடத்தை ஒலிப்பதிவு மட்டும் செய்யுங்கள். வீடியோ வேண்டாம், பிள்ளைகளின் முகம் உங்கள் போனில் இருக்கக் கூடாது, வேலை முடிந்ததும் ஒலியையும் அழித்துவிடுங்கள். வீட்டில் நடுப்பகுதியில் 5 நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். பத்து வகையும் வேண்டாம், ஆசிரியர் பேச்சு, மாணவர் பேச்சு, மௌனம் என்று மூன்று கட்டம் போதும். 3 நொடிக்கு ஒரு கோடு. 5 நிமிடத்துக்குச் சரியாக 100 கோடு வரும், ஆகவே எண்ணிக்கையே சதவீதம். கணக்குப் போட வேண்டியதில்லை.

ஃபிளாண்டர்ஸ் கண்ட கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரோ பேசுகிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர் பேச்சு. உங்கள் தாளில் ஆசிரியர் பேச்சு இதைவிடக் கூடுதலாக வந்தால் பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் வரும். அதைவிட மௌனக் கட்டத்தைப் பாருங்கள். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அதை 3 நொடியாக நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள். 3 நொடி என்பது உங்கள் தாளில் ஒரே ஒரு கோடு. கேள்விக்குப் பிறகு அந்தக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஃபிளாண்டர்ஸ் முறையில் ஒரு குறையும் உண்டு. அமைதியையும் குழப்பச் சத்தத்தையும் ஒரே பத்தாம் வகைக்குள் போட்டுவிட்டார். யோசிக்கிற அமைதி வேறு, கடைசி பெஞ்சின் சலசலப்பு வேறு. நீங்கள் போடும்போது இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி கோஸ்மாவின் பக்கம் வருகிற பாடம். மின்சுற்று. “மின்கலத்திலிருந்து மின்னோட்டம் கிளம்புகிறது, பல்பு அதில் கொஞ்சத்தைச் சாப்பிட்டுவிடுகிறது, மீதி திரும்பி வருகிறது” என்பது பிள்ளைகளிடம் உலகம் முழுக்கக் காணப்படும் எண்ணம். சொல்லித் திருத்துவது கஷ்டம், ஏனென்றால் கம்பிக்குள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற கணினிப் பாவனையாக்கங்களில் மின்சுற்று அமைக்கும் ஒன்று இருக்கிறது. இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை வைத்தால் இரண்டிலும் ஒரே அளவு. பிள்ளைகள் வாயைத் திறந்து பார்ப்பார்கள். கரும்பலகையால் இதைச் செய்ய முடியாது.

ஆனாலும் நான் திரையிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் ஒரு டார்ச் பல்பு, ஒரு மின்கலம், ஒரே ஒரு கம்பி. எரிய வைக்கச் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகள் பல்பின் அடி முனையை மட்டும் மின்கலத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பல்புக்கு இரண்டு தொடுமுனை இருக்கிறது, ஒன்று அடியில், இன்னொன்று பக்கவாட்டு உலோகத்தில் என்பதைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். திரையில் இருக்கும் பல்பில் எங்கே இணைக்க வேண்டும் என்று வட்டமே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தேடல் அங்கே நடக்காது. திரை வேறொரு தவறான எண்ணத்தையும் விதைக்கும்: நீலப் பந்துகள் கம்பியில் ஓடுவதைப் பார்த்து, எலக்ட்ரான்கள் அப்படித்தான் சரசரவென்று பாய்கின்றன என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். சாதாரணக் கம்பியில் அவை நகரும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் பல்பு முதலில், திரை இரண்டாவது, “இந்தப் படத்தில் எது உண்மையில்லை?” என்ற கேள்வி மூன்றாவது. மிஸ்ராவும் கோலரும் 2006இல் சொன்ன டிபேக் (TPACK) சட்டகத்தை மூன்று வட்டமாக வரையச் சொல்வார்கள்: பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம். அந்த மூன்றும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதி என்ன என்று கேட்டால் இந்த வரிசையைத்தான் காட்டுவேன். பல்பின் இரண்டு முனை பாட அறிவு. பிள்ளைகளின் “சாப்பிட்டுவிடும்” எண்ணம் தெரிந்திருப்பது கற்பிக்கும் அறிவு. நீலப் பந்தின் பலமும் பொய்யும் தெரிந்திருப்பது தொழில்நுட்ப அறிவு.

பிபிடி பற்றி ஒன்று மட்டும். திரையில் இருக்கும் வரிகளை அப்படியே வாய்விட்டு வாசிக்காதீர்கள். படத்தோடு பேச்சு மட்டும் இருந்தால் கற்றல் நன்றாக நடக்கிறது, அதே வார்த்தைகளைத் திரையிலும் போட்டால் குறைகிறது என்று உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டின. தாய்மொழி அல்லாத மொழியில் படிப்பவர்களுக்கு மட்டும் எழுத்து உதவுவது உண்டு. ஆகவே ஆங்கில வழி வகுப்பில் கலைச்சொற்களைத் திரையில் வையுங்கள், முழு வாக்கியங்களை வேண்டாம்.

நம் தமிழ்நாட்டில் கருவி வராமல் இல்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி. கணக்குப் புத்தகத்தில் “இணையச் செயல்பாடு” என்று ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளுக்கான வழிமுறைகளே அச்சாகி வருகின்றன. பயிற்சிக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். இதற்கு முன்பும் இந்தியா பெரிதாகச் செய்து பார்த்திருக்கிறது: 1975-76இல் சைட் திட்டம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிப் பாடம் கொண்டுபோனது, 2004இல் கல்விக்கான செயற்கைக்கோள் எஜுசாட் ஏவப்பட்டது. 2020இல் பள்ளிகள் மூடியபோது ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருக்கும். நீங்கள் வீட்டுப்பாடமாக வீடியோ இணைப்பு அனுப்பும் முன், எத்தனை பிள்ளைகள் மாலையில் போனைத் தொட முடியும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் கல்வித் தொழில்நுட்பம்தான், பாடத்திட்டத்தில் தலைப்பாக இல்லாவிட்டாலும்.

செயற்கை நுண்ணறிவிடம் லெசன் பிளான் எழுதி வாங்கி ரெக்கார்டில் நகலெடுக்கிறவர்கள் இப்போது அதிகம். அது எழுதித் தரும் திட்டத்தில் படிகள் அழகாக இருக்கும். உங்கள் வகுப்பில் யார் 0.125 என்று சொல்வார்கள் என்பது அதற்குத் தெரியாது. பயன்படுத்த வேண்டுமென்றால் வேறு விதமாகக் கேளுங்கள்: “இந்தப் பாடத்தில் பிள்ளைகள் செய்யக்கூடிய தவறுகள் என்னென்ன?” வருகிற பட்டியலை வகுப்பில் சோதித்துப் பாருங்கள். சில தவறுகள் நம் பிள்ளைகளிடம் இருக்கவே இருக்காது, சில புதிதாக முளைக்கும்.

தேர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வரையறை, பிறந்த ஆண்டு எல்லாம் கைடிலிருந்து படித்தாலே கிடைத்துவிடும். பத்து மதிப்பெண் கேள்விகளில் உங்கள் முதன்மைப் பாடத்திலிருந்து ஓர் உண்மையான உதாரணம் எழுதுங்கள்; வரலாறு என்றால் காலக்கோடு, தமிழ் என்றால் ஒற்றுப்பிழை, எது உங்களுடையதோ அது. செய்முறைத் தேர்வைப் பார்வையிடும் பிராக்டிகல் கமிஷன் வரும்போது சார்ட்டையும் மாடலையும் அடுக்கி வைப்பதோடு, அந்த 100 கோடு போட்ட ஒரு தாளையும் ரெக்கார்டில் சேர்த்து வையுங்கள். வருகிறவர் அதைப் பற்றிக் கேட்டால், உங்களால் மனப்பாடம் இல்லாமல் பேச முடியும்.